எங்கள் ஹாலில் உன் ராத்திரி

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடுப்பையும் அவள் கோபத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால். உன் சுகத்தை ஒரு விளக்கு சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அது சொல்வது கொஞ்ச நாளாகச் சரியில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உன் அம்மா வாய்வழியாகக் கை கால் முளைத்து உன்னிடம் வந்து சேரும், என் வாயால் வந்தால் சேதாரம் கொஞ்சம் குறையும். போன செவ்வாய்க்கிழமை நல்ல உச்சி வெயிலில், கிழிந்த பனியனோடு, யாரோ ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மேல்தாடைப் பல்செட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஹாலில் இருக்கும் உன் விளக்குக்கு முன்னால் குனிந்து நின்று, "போதும்மா, எல்லாத்தையும் மூடி வச்சிட்டுப் படு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பல்செட்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்க வந்தவன், விளக்கு எரிவதைப் பார்த்ததும் என்னை அறியாமல் நின்றுவிட்டேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்தா அந்த நர்ஸ் வர வேண்டும். உன் அம்மாவிடம் வெள்ளைக் கோட் தைக்கக் கொடுத்திருந்தவள், கதவு திறந்திருந்ததால் நேராக உள்ளே வந்துவிட்டாள். விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த பல்லைப் பார்த்தாள். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, எனக்குப் பின்னால் வந்து நின்ற உன் அம்மாவைக் கேட்டாள். உன் அம்மா வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, "கல்யாணம் ஆனதிலேருந்து" என்றாள்.

நான் எப்படி விளக்கிடம் பேசுகிற நிலைக்கு வந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆரம்பித்து வைத்தவள் நீ. போன லீவில் ஒரு பெட்டி நிறைய பல்பு கொண்டுவந்து, ஒரு வாரம் ஏணியிலேயே குடியிருந்து, வீட்டையே மாற்றிவிட்டுப் போனாய். அவற்றின் நிலவரம் வருமாறு. பாத்ரூம் விளக்கு ஆள் அசைந்தால் எரிகிறது, அசையாவிட்டால் அணைகிறது. அந்த அறையில் மனிதனுக்கு இருக்கிற வேலையில் முக்கால்வாசி அசையாமல் உட்கார்ந்து செய்கிற வேலை என்பது அதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. என் வயதில் காரியம் சட்டென்று முடிவதும் இல்லை, அதனால் நடுவழியில் இருட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசி, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உன் பெரிய மாமாவுக்கு இந்த விஷயம் தெரியாது. உள்ளே போனார், விளக்கு அணைந்தது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வரும்வரைக்கும் உட்கார்ந்திருப்போம் என்று உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார் என்று நினைத்து அவருடைய டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டோம். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தால் சமையலறை விளக்கு சிவப்பாக மாறும்படி வைத்தாயே, கரண்ட் மிச்சம் பிடிக்க என்று நீ சொன்னாய், உன் அம்மா அதை என்னைப் பிடிக்க வைத்துக்கொண்டாள். ஒரு துண்டு கேக்கை எடுக்க நினைத்தால் வீடே கொலை நடந்த இடம் மாதிரி சிவந்துபோகிறது. விருந்தாளி கிளம்பட்டும் என்று ஹால் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிற ஏற்பாடு இருக்கிறதே, அதற்கு நாங்கள் மாமா விளக்கு என்று பேர் வைத்திருக்கிறோம். ஆனால் உன் மாமா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பேப்பரை விட்ட இடத்திலிருந்து படிக்கிறார். என் வேலை அறையில் நீ போட்ட விளக்கு ஒன்றுதான் நிஜமாகவே உருப்படியானது. பல்லுக்கு நிறம் பொருத்தும்போது வெயிலில் எப்படித் தெரியும், ட்யூப்லைட்டில் எப்படித் தெரியும், போட்டோ எடுக்கும்போது எப்படித் தெரியும் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இப்போதெல்லாம் நான் செய்கிற பற்கள் எந்த வெளிச்சத்திலும் சிரிக்கும். அதைக் கட்டிக்கொள்கிற ஆட்கள் சிரிப்பது அவர்கள் பாடு.

நான் சொல்ல வந்தது இந்த விளக்குகளை இல்லை, ஹாலில் தையல் மெஷின் பக்கத்தில் இருக்கிற அந்த உருண்டை விளக்கை. அது வந்த கதை உனக்கு மறந்திருக்காது. உன் அம்மா தினமும் மூன்று தடவை போன் செய்து எழுந்தாயா, தின்றாயா, தூங்கினாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள், நீயும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள், "அம்மா, எனக்கு மூச்சு முட்டுது, நான் என்ன ஐ.சி.யூ.லயா இருக்கேன்" என்று வெடித்தாய். அதற்கப்புறம் இரண்டு நாள் இந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. லீவில் வந்தபோது நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். உன் கட்டில் பக்கத்தில் ஒரு விளக்கு, எங்கள் ஹாலில் அதே மாதிரி இன்னொன்று. நீ அங்கே போட்டால் இங்கே எரியும், நீ அணைத்தால் அணையும். அதைப் பார்த்து நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டியது, பதிலுக்கு உன் அம்மா தூக்கம், சாப்பாடு பற்றி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் சாட்சி. உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, கேக்க மாட்டேன்" என்றாள். அவள் எனக்குக் கொடுத்த வாக்குகளை விட உனக்குக் கொடுத்த வாக்கு கெட்டியானது என்பதை நான் இப்போது கண்ணால் பார்க்கிறேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. உனக்கு ராத்திரி என்றால் எங்களுக்குப் பகல் என்பதால் உன் விளக்கு எங்கள் காலை வேலைகளுக்கு நடுவில் எரியும். உன் அம்மா நிமிர்ந்து பார்த்து, "ரூமுக்கு வந்துட்டா" என்பாள். கொஞ்ச நேரத்தில் அணையும். "படுத்துட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் உலை வைப்பாள். எங்கள் மதியச் சாப்பாடு உன் தூக்கத்தைப் பார்த்து நடந்தது. துணி தைக்க வருகிறவர்களிடம் அந்த விளக்கைக் காட்டி, "இது எங்க பொண்ணு" என்று அறிமுகமே செய்து வைப்பாள், அவர்களும் என்ன சொல்வது என்று தெரியாமல் விளக்கைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். தூசி தட்டும்போது மற்றதையெல்லாம் துணியால் தட்டுகிறவள் அதை மட்டும் முந்தானையால் துடைப்பாள். நான் கேலி செய்வேன். அது மஞ்சளாக எரிகிறதே, அந்த நிறத்தை என் தொழிலில் நாற்பது வயதில் சிகரெட் பிடிக்கிறவர் பல்லுக்குத்தான் போடுவோம் என்று சொன்னேன், அன்றைக்கு எனக்குக் குழம்பில் உப்பு கிடைக்கவில்லை.

பிறகு இரண்டு மாதமாக எல்லாம் குழம்பிவிட்டது. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில், அதாவது உனக்கு நடுச்சாமத்தில், விளக்கு எரிகிறது. அணைகிறது. திரும்ப எரிகிறது. நாங்கள் சாயங்கால டீ போடும்போதும் எரிகிறது, அங்கே விடியப்போகிற நேரம். உன் அம்மா அதற்கு ஒரு அகராதியே போட்டுவிட்டாள். சட்டென்று எரிந்து அணைந்தால் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாய். கொஞ்ச நேரம் எரிந்தால் யாரோடோ போனில் பேசுகிறாய். வெகுநேரம் எரிந்தால் அழுகிறாய். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன், "பெத்தவளுக்குத் தெரியும்" என்றாள், பெற்றதில் என் பங்கு எதுவும் இல்லாதது மாதிரி. உன் பெரிய மாமாவைக் கூப்பிட்டு யோசனை கேட்டாள். அவர் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க விளக்கை ஆராய்ச்சி செய்துவிட்டு, வேலை போயிருக்கும் என்றார், பிறகு இரண்டு வேலை பார்க்கிறாள் போலிருக்கிறது என்றார், கடைசியில் பையன் விவகாரமாகத்தான் இருக்கும் என்று முடித்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ போனில் வந்து, கேட்காமலேயே, "நல்லாத் தூங்கறேன்மா, கவலையே படாதே" என்று சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, "பொய் சொல்றா. மூஞ்சில பவுடர் ஜாஸ்தி" என்றாள். நான் உன் முகத்தில் பவுடரையே பார்க்கவில்லை, பல்லைத்தான் பார்த்தேன், அது என் தொழில் புத்தி, கீழ்வரிசை ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்த மாதிரி தெரிந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாயா?

உன் அம்மா உன்னைக் கேட்கவில்லை, கவனித்தாயா. நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவாள். விழுங்கியதெல்லாம் தையலில் போய் நிற்கிறது. அந்த நர்ஸ் அன்றைக்கு ஏன் வந்தாள் என்று சொல்லவில்லையே, அவளுக்குத் தைத்துக் கொடுத்த கோட்டில் இரண்டும் இடது கை. இருபத்தைந்து வருஷமாக மெஷின் மிதிக்கிறவள் இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்து, பட்டன் கட்டி, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த நர்ஸ் நல்ல மனசுக்காரி, சத்தம் போடவில்லை, "அக்கா, நான் ஊசி போடறது ஒரு கைலதான், இருந்தாலும் இன்னொரு கையும் வேணும்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டு ஆளாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். அந்த ஆஸ்பத்திரி முழுவதுக்கும் கோட் தைக்கிற ஆர்டர் உன் அம்மாவுக்கு வருகிற மாதிரி இருக்கிறது, அந்த நர்ஸ் சொல்லித்தான். அவள் வாழ்க்கையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பதையும் பேண்ட்டுக்கு நீளம் குறைப்பதையும் தாண்டி வருகிற முதல் பெரிய வேலை. அதற்காக இன்னொரு மெஷின் வாங்க இடம் பார்த்து, என் செருப்பு அலமாரியை வெளியே தள்ளியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அடுத்த நாலு மாதம் மெஷினை விட்டு நகர முடியாது. அதுதான் இப்போது சிக்கல். முந்தாநாள் என்னிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள். எதற்கு என்றேன். கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாயே என்று ஞாபகப்படுத்தினேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். போய்ப் பாக்க மாட்டேன்னு சொல்லலையே" என்றாள். இருபத்தைந்து வருஷம் துணியை வெட்டியதில் வார்த்தையையும் ஓரம் பிசிறில்லாமல் வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுக்கும் காரணம் போன வியாழக்கிழமை. அன்றைக்கு விளக்கு எரியவே இல்லை. காலையில் இல்லை, உலை வைக்கிற நேரத்தில் இல்லை, டீ நேரத்திலும் இல்லை. நான் பல்பு போயிருக்கும் என்று சொன்னேன். அவள் போனை எடுத்து உன் நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தாள், வைத்தாள். வீட்டில் ஒருத்தராவது வேடிக்கை பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும் என்பதால் நான் போய்த் தலைமையாசிரியரின் கடவாய்ப்பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தீட்டியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது, மனிதர் இனிமேல் வலது பக்கமாகத்தான் மென்றாக வேண்டும். வெயில் சாய்கிற நேரத்தில் விளக்கு எரிந்தது. உன் அம்மா அப்போது ஒரு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள், வாயில் குண்டூசிகள். ஒவ்வொரு ஊசியாக வாயிலிருந்து எடுத்து பஞ்சுப் பந்தில் குத்தினாள், எல்லாம் குத்தி முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குழாய் வெகுநேரம் ஓடியது. நான் தண்ணீர் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர், மெசேஜ் என்றால் எனக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் படித்துவிடுவாள். காகிதத்தில் எழுதினால் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற பார்சலோடு சேர்த்துக் கூரியரில் போட்டுவிடலாம், யாருக்கும் சந்தேகம் வராது. நான் கேட்கக் கூடாது என்று உடன்படிக்கையில் எங்கேயும் இல்லை, நான் சாட்சிதான். தூங்குகிறாயா இல்லையா? வேலையில் ஏதாவது என்றால் சொல், யாராவது ஆள் என்றால் அதையும் சொல், அவனுடைய மேல்வரிசைப் பல் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, பாதி குணத்தை நான் சொல்லிவிடுவேன். ஒன்றுமே இல்லை என்றால் அதையாவது உன் அம்மா நம்புகிற மாதிரி சொல். அவளிடம் நீயாகவே, கேட்டால் மூச்சு முட்டாது, கேள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கேட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து கோட் தைப்பாள். அவள் ஆர்டரை விட்டுவிட்டு அங்கே வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை, எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. படுக்கும்போது போனை அடுத்த அறையில் வை. காபியைச் சாயங்காலத்தோடு நிறுத்து. தூக்கம் வராவிட்டால் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிட, இதை உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன், எங்கள் மதியச் சாப்பாட்டுக்காக இல்லை, இருந்தாலும் அதையும் மனசில் வை.

நல்லா இரும்மா. கண்ணுக்குத் தூக்கமும் வயிற்றுக்குப் பசியும் நேரத்துக்கு வரட்டும், கூட இருக்கிறவர்கள் உன்னை மதிக்கட்டும், வாய்விட்டுச் சிரிக்கிற காரியம் தினமும் ஒன்றாவது நடக்கட்டும். இந்தக் காகிதத்தோடு ஒரு சின்ன மெழுகுத் தகடு வைத்திருக்கிறேன். வெந்நீரில் இரண்டு நிமிஷம் போட்டு, நன்றாகக் கடித்து, உடையாமல் பஞ்சில் வைத்துத் திருப்பி அனுப்ப மறக்காதே. பல் தேயாமல் இருக்க ஒரு உறை செய்து அனுப்புகிறேன், வெளியே தெரியாது, யாரும் முத்தம் கொடுத்தால்கூடத் தெரியாது, இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
ஊருக்கெல்லாம் பல் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா

பி.கு. கூரியரில் போடுவதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது. உன் அம்மா வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வருகிற வழியிலேயே டிக்கெட்டும் போட்டுவிட்டாள். இந்தக் காகிதம் வந்து சேர்ந்த மறுவாரம் அவளும் வந்து சேருவாள். அவள் வந்து இறங்கும்போது உன் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள், முதல் இரண்டு நாளாவது தூக்கம் கெட்டவள் மாதிரி நட, அவள் மடியில் படுத்துத் தூங்கு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். காரணம் கேட்காதே என்று சொல்லத்தான் நினைத்தேன். பாத்ரூம் விளக்கைச் சரிபார்க்க இன்று லைட் கடைக்காரர் வந்தார், என் போனை வாங்கி எல்லா விளக்கையும் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் மாமா வீட்டுக்கு இரண்டு நாள் போனபோது, திருடன் வராமல் இருக்க "வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்டு" என்ற பட்டனை நான்தான் அழுத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து ஹால் விளக்கு அதுவாகவே கண்ட நேரத்தில் எரிந்து அணைகிறது, அதற்கும் உன் விளக்குக்கும் தொடர்பே இல்லையாம்.